கொரியாவா, ஜப்பானா? டீச்சரின் தீர்ப்பு



பதிவு நீளம். மணி அடித்த பிறகும் வகுப்பை விடாதவள் என்று பெயர் வாங்கியவள் நான். காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு சண்டை. கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகள், "கொரியன் டிராமா மாதிரி உலகத்துல எதுவும் கிடையாது அத்தை" என்று போட்டாள். உடனே என் சின்ன மாமனார் வந்தார். "அந்தக் கண்றாவியை விடும்மா. பார்க்கிறதுன்னா ஜப்பான்காரன் எடுத்த ஓஷின் பார். பொறுமைன்னா என்னன்னு தெரியும். பொம்பளப் பிள்ளை அப்படி இருக்கணும்" என்றார். அதற்கு நாற்பது கைதட்டல் படம். அதே வாரம் பழைய மாணவர் குழுவிலும் இதே பேச்சு. ஓசூரில் வேலை பார்க்கும் ஒருத்தி, "ஜப்பான் சீரியல்ல எல்லாரும் மரக்கட்டை மாதிரி நிக்கிறாங்க டீச்சர், கொரியாதான் கெத்து" என்று எழுதினாள். இரண்டு இடத்திலும் என்னைத்தான் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு, முழங்கால் வலிக்கு நன்றி, நான் இரண்டையும் நிறையப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஓட்டு ஜப்பானுக்கு. ஆனால் சின்ன மாமனார் சொன்ன காரணத்துக்காக இல்லை. மாமா மன்னிக்க வேண்டும், அவர் சொன்ன காரணம் சுத்தத் தப்பு. எதிர்க்கட்சி சொல்லும் காரணங்களும் தப்பு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் இந்த உறவுமுறைக் கதையை முடித்துவிடலாம். "கொரியன்லயும் அம்மா, அப்பான்னுதான் கூப்பிடுறாங்க டீச்சர், அவங்க நம்ம ஆளுங்க" என்று ஆறேழு பேராவது எனக்கு வீடியோ அனுப்பிவிட்டீர்கள். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். அப்படிப் பார்த்தால் ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு என்று பல வருடம் வாதாடினார். பெரும்பாலான மொழியியல் அறிஞர்கள் இரண்டையும் ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் என்ன? சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் உப்பாக இருந்தால் உப்பு என்றுதான் சொல்வோம்.

அடுத்தது, கொரியத் தொடர் பெண்பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற பெரியவர்கள் கட்சி. புதுயுகம் தொலைக்காட்சி வந்த புதிதில் கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்துப் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' ஓடிய காலத்தில் எங்கள் தெருவில் சாயங்காலம் ஒரு பெண்பிள்ளை வெளியே தென்படாது. துணி வெளுக்கும் கடைக்காரர் மகள் பணக்காரப் பள்ளியில் சேர்கிறாள். அங்கே நாலு பணக்காரப் பையன்கள் ராஜாங்கம் நடத்துகிறார்கள். அவளைப் படாதபாடு படுத்தும் தலைவன்தான் கடைசியில் காதலன். கையைப் பிடித்து இழுத்தால் காதல், சுவரோடு நிறுத்தி மிரட்டினால் காதல். கேவலம்தான், நானே சொல்கிறேன். ஆனால் மாமா, அது யார் வீட்டுக் கதை தெரியுமா? ஜப்பானில் யோகோ காமியோ என்ற பெண்மணி எழுதிய படக்கதை. 2005இலேயே ஜப்பான் தொலைக்காட்சியில் ஒன்பது பாகமாக ஓடி, 2007இல் இரண்டாம் பருவமும் வந்துவிட்டது. கொரியா அதை 2009இல் இருபத்தைந்து பாகமாக இழுத்தது, அவ்வளவுதான். ஆகவே ஒழுக்கம் ஜப்பானில், சீரழிவு கொரியாவில் என்ற கணக்கு ஆரம்பத்திலேயே உதைக்கிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை போவதைக் காதல் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தது எந்த நாட்டு சினிமா? அதை முதல் காட்சிக்கு வரிசையில் நின்று பார்த்தவர்கள் யார்? பேரன் பேத்தி படிக்கிற குழு இது, அதனால் விட்டுவிடுகிறேன்.

இனி ஓஷின். ஜப்பானின் பொது ஒளிபரப்பான என்ஹெச்கேயில் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை, காலையில் பதினைந்து பதினைந்து நிமிடமாக 297 பாகம் ஓடியது. எழுதியவர் சுகாகோ ஹஷிதா. அந்த நாட்டில் சராசரியாக நூற்றுக்கு ஐம்பது வீட்டுக்கு மேல் பார்த்த தொடர் அது. இலங்கை ரூபவாஹினியில் வந்தபோது அங்கும் ஊரே பார்த்தது. ஏழு வயதுப் பெண்குழந்தையை ஒரு மூட்டை அரிசிக்காக மரவியாபாரி வீட்டுக்குக் குழந்தை பார்க்கும் வேலைக்கு அனுப்புகிறார்கள். பனிக்காலத்தில் ஆற்றில் கட்டுமரத்தில் போகிறாள். அப்பா கரையில் ஓடிவருகிறார். பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

மாமா, அந்தப் பிள்ளை அந்த வீட்டில் பொறுமையாகவா இருந்தது? காசு திருடினாள் என்று பழி போட்டதும் பனியில் இறங்கி ஓடிவிட்டாள். செத்துப் போயிருப்பாள், யாரோ ஒரு புண்ணியவான் தூக்கிக் காப்பாற்றினான். கல்யாணமாகிப் போன இடத்தில் மாமியார் வதைத்தபோது, "விதி" என்று உட்கார்ந்தாளா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டைவிட்டே கிளம்பிவிட்டாள். தலைமுடி அலங்காரம் கற்றாள், துணி தைத்தாள், மீன் விற்றாள், கடை வைத்தாள். ஓஷின் பொறுமையின் கதை என்று சொல்பவர்கள் முதல் பத்துப் பாகத்தோடு தொலைக்காட்சியை அணைத்தவர்கள். பொறுத்துப் போ என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல ஓஷினைக் கூப்பிடாதீர்கள், அவள் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரமாட்டாள்.

சரி, இரண்டு பக்கத்துத் தவறான வாதங்களையும் துடைத்தாயிற்று. என் சொந்த வாதத்துக்கு வருகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே கணக்கை இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். அப்படி ஒரே கணக்கை இரண்டு நாடும் போட்ட தொடர் ஒன்று உண்டு. பெயர் 'மதர்'. ஜப்பானில் 2010, பதினோரு பாகம், எழுதியவர் யூஜி சகாமோட்டோ. கொரியாவில் 2018, பதினாறு பாகம், ஒவ்வொரு பாகமும் ஜப்பான் பாகத்தைவிட நீளம். மொத்த நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கதை இதுதான். குளிர்ப் பிரதேசத்து ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி. அங்கே தற்காலிகமாக வேலைக்கு வந்த ஒரு டீச்சர். பிள்ளைகள் மேல் பெரிய பிரியம் இல்லாதவள், பறவை ஆராய்ச்சி செய்தவள். அவள் வகுப்பில் ஒரு சின்னப் பெண். வீட்டில் அம்மாவும் அம்மாவின் காதலனும் அதைக் கொடுமைப்படுத்துகிறார்கள். அந்தக் குழந்தை தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறது. ஒரு ராத்திரி குழந்தையைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டி வெளியே குளிரில் வைத்துவிடுகிறார்கள். டீச்சர் கண்டெடுக்கிறாள். அதற்குப் பிறகு அவள் செய்வதைச் சட்டம் ஆள்கடத்தல் என்று சொல்லும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய், "இனி நான்தான் உன் அம்மா" என்கிறாள்.

இரண்டிலும் நடிப்பு அபாரம். குறை சொல்ல வரவில்லை. ஜப்பான் தொடரில் அந்த டீச்சரைப் பெற்ற தாயாக வருபவர் யாரென்று பார்த்தால், பெரிய ஓஷினாக நடித்த அதே யூகோ தனாகா! இருபத்தேழு வருடம் கழித்து. மரக்கட்டை என்று சொன்ன ஓசூர் மகாராணி அந்த அம்மாவின் முகத்தை ஒரு பாகம் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

எங்கே பிரிகிறது? இரண்டு இடத்தில்.

முதல் இடம், கெட்டவர்கள். கொரியத் தொடர் அந்தக் காதலனை மாபெரும் வில்லனாக வளர்க்கிறது. கடத்தல் வரை போகிறது. படபடவென்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒரே ராத்திரியில் மூன்று பாகம் பார்த்தேன். ஜப்பான் தொடர் அந்த இடத்தில் வேறொரு வேலை செய்கிறது. ஒரு பாகத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாகக் குழந்தையைப் பெற்றவளின் பழைய கதைக்குக் கொடுக்கிறது. அவள் ஒரு காலத்தில் நல்ல அம்மா. குழந்தையைக் கொஞ்சியவள். தனியாளாக நின்று, வேலைக்கும் போய், பிள்ளையையும் பார்த்து, யாரும் கைகொடுக்காமல், ஒவ்வொரு படியாக எப்படி இறங்கினாள் என்று காட்டுகிறது. அவளை மன்னிக்கச் சொல்லவில்லை. நம்மை உட்காரவைத்து அந்தப் படிகளை எண்ணச் சொல்கிறது. கொரியாக்காரர்களும் அவளுக்குக் கொஞ்சம் பின்கதை கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பக்கத்தில் அவ்வளவு பெரிய அரக்கன் நிற்கும்போது அது யார் கண்ணில் படும்? அரக்கன் இருக்கும் கதை பார்ப்பவருக்கு நிம்மதி. நம் தெருவில் அரக்கன் இல்லை, அதனால் நம் தெருவில் அப்படி நடக்காது. படி இறங்கும் அம்மா எல்லாத் தெருவிலும் இருக்கிறாள்.

இரண்டாவது இடம், முடிவு. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கொரியாவில் வழக்கு, தண்டனை, பிரிவு எல்லாம் ஆன பிறகு டீச்சர் அந்தக் குழந்தையை முறைப்படி தத்தெடுக்கிறாள். சுபம். ஜப்பானில் குழந்தை காப்பகத்திலிருந்து தப்பித் தனியாக டீச்சரைத் தேடி வந்துவிடுகிறது. டீச்சரே அதன் கையைப் பிடித்துத் திரும்பவும் காப்பகத்தில் கொண்டுபோய் விடுகிறாள். இருபது வயதில் பிரித்துப் படி என்று ஒரு கடிதம் கொடுக்கிறாள். அவ்வளவுதான். என்றைக்கோ சந்திப்பார்கள் என்று ஒரு சின்ன அடையாளம் மட்டும்.

கொரியத் தொடரை முடித்த ராத்திரி நான் நன்றாக அழுதேன், நன்றாகத் தூங்கினேன். ஜப்பான் தொடரை முடித்த ராத்திரி தூங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது, உங்கள் சாருக்குக்கூடத் தெரியாது.

உங்களில் பலர் திருப்பத்தூர்ப் பள்ளியில் என்னிடம் படித்தவர்கள். அதற்கு முன்பு, தொண்ணூறுகளில், நான் ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்த்தேன். காலையில் மலைபஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்த நாள் குறைவு. சாயங்காலம் ஒரே பஸ். விட்டால் ராத்தங்கல்தான். அங்கே நாலாம் வகுப்பில் ஒரு பெண். பெயர் சொல்லமாட்டேன். சத்துணவுச் சாதத்தில் பாதியைத் தேக்கு இலையில் மடித்துப் பாவாடைக்குள் வைத்துக்கொள்ளும், வீட்டில் இருக்கும் தம்பிக்கு. பள்ளி இல்லாத சனிக்கிழமையிலும் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என்று சமையல் ஆயா சொல்வார். ஒருநாள் கையில் தழும்பு இருந்தது. கேட்டேன். அடுப்பு சுட்டுடுச்சு என்றது. அடுப்பு சுட்ட தழும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் என்கூடவே வந்தது. "டீச்சர், உங்க ஊட்டுக்கு வரட்டா? பாத்திரம்லாம் நல்லா கழுவுவேன்" என்றது. பஸ் ஹாரன் அடித்தது. "லீவு முடிஞ்சு பேசிக்கலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

விடுமுறை முடிந்து போனேன். அது வரவில்லை. குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்கு யாரோ முன்பணம் கொடுத்து அழைத்துப் போனார்கள், தகப்பனோடு போய்விட்டது என்றார்கள். இரண்டு மாதம் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டேன். பிறகு சிவப்பு மையால் கோடு போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். யார்மேலும் எனக்குப் புகார் இல்லை, கோடு போட்ட பேனா என்னுடையது.

அந்தப் பிள்ளையை நான் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தொடரில் செய்ததுபோல் செய்தால் அது குற்றம், செய்யவும் கூடாது. ஆனால் இறங்கி நின்றிருக்கலாம். ஒரு ராத்திரி ஆயா வீட்டில் தங்கி, அந்த வீட்டுக்குப் போய், அம்மாவிடம் உட்கார்ந்து பேசியிருக்கலாம். பஸ் மறுநாளும் வந்திருக்கும்.

இப்போது சொல்லுங்கள். கொரிய 'மதர்' எனக்கு என்ன கொடுத்தது? நான் செய்யாததை ஒரு அழகான நடிகை எனக்குப் பதிலாகச் செய்து முடித்து, தத்தெடுத்து, கணக்கை நேர் செய்துவிட்டாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். ஜப்பான் 'மதர்' கணக்கை நேர் செய்யவில்லை. காப்பகத்து வாசலில் குழந்தையை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. மிச்சத்தை என் தலையில் வைத்துவிட்டுப் போனது. மறுநாள் காலையில் முதல் வேலையாக, மலையில் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்திக்குப் போன் போட்டு, அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கச் சொன்னேன். இந்த வேலையை என்னைச் செய்யவைத்தது பதினோரு பாகத் தொடர். பதினாறு பாகத் தொடர் தூங்கத்தான் வைத்தது. என் தீர்ப்புக்கு இதுதான் காரணம்.

எதிர்வாதம் வரும், எனக்குத் தெரியும். "கொரியாக்காரங்களுக்குத்தான் டீச்சர் சமூகக் கோபம் அதிகம்" என்பீர்கள். உண்மை. குவாங்ஜு நகரத்தில் காதுகேளாத பிள்ளைகள் பள்ளியில் நடந்த கொடுமையை வைத்து கோங் ஜி-யங் நாவல் எழுதினார். 2011இல் அது திரைப்படமாக வந்தது. நாடே கொதித்தது, அந்த வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் படம் எப்படி முடிகிறது? குற்றவாளிகள் லேசான தண்டனையோடு வெளியே வருகிறார்கள். படத்துக்குள் நியாயம் கிடைக்கவில்லை. அதனால்தான் மக்கள் தியேட்டருக்கு வெளியே வந்து நியாயம் கேட்டார்கள். கடைசி ரீலில் கதாநாயகன் அத்தனை பேரையும் அடித்து நொறுக்கியிருந்தால், பாப்கார்ன் பையைக் கசக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். உங்கள் சாட்சி என் கட்சிக்குத்தான் பேசுகிறது பாருங்கள்.

"உழைச்சுட்டு அலுத்து வர்றோம், சந்தோஷமா ஒண்ணு பார்த்தா தப்பா?" என்று ஒருத்தி கேட்டாள். தப்பே இல்லை கண்ணு. பன்னிரண்டு மணிநேரம் ஷிப்ட் பார்த்துவிட்டு வருபவளிடம் வந்து தூங்காதே என்று சொல்ல நான் யார்? இனிப்பு சாப்பிடு. ஆனால் இனிப்பைச் சோறு என்று சொல்லாதே. கெத்து, உலகத்திலேயே உசத்தி என்று சொன்னாயே, அதைத்தான் மறுக்கிறேன். நன்றாக அழவைப்பது உசத்திக்கு அளவுகோல் இல்லை. அழுகைக்குப் பிறகு என்ன மிச்சம் என்பதுதான் அளவுகோல்.

ஜப்பானில் எல்லாமே அப்படி என்றும் நான் சொல்லவில்லை. அங்கும் அசட்டுத் தொடர் மலைபோலக் கிடக்கிறது. ஆனால் மூன்று மாதத்தில், பத்துப் பதினோரு பாகத்தில் சொல்லி முடிக்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. இழுக்க இடம் இல்லாததால் வில்லனை வளர்க்கவும் இடம் இல்லை. 1961இலிருந்து காலையில் ஒளிபரப்பாகும் அந்தப் பதினைந்து நிமிடத் தொடர்களில் பெரும்பாலும் ஒரு பெண், அவள் கற்கும் தொழில், அவள் ஊர், இதுதான் கதை. நம் ஊர்த் தொடரில் ஆயிரம் பாகம் பார்த்தாலும் கதாநாயகி என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரிவதில்லை. நாத்தனார்களே, கோபிக்காதீர்கள், நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தான்.

கடைசியாக, உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தி. இன்று உங்களிடம் போன் இருக்கிறது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. எனக்கு அன்று இருந்ததைவிட உங்களுக்கு வழி அதிகம். பாதிச் சாதத்தை மடித்துவைக்கும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். பஸ்ஸை விடுங்கள்.

தம்பி மகளுக்கு: போனைப் பிடுங்கவேண்டும் என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்காதே, நான் இருக்கிறேன். ஆனால் அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வா, ஜப்பான் 'மதர்' இரண்டு பாகம் என்னோடு உட்கார்ந்து பார். பிறகு சண்டை போடு.

சின்ன மாமனாருக்கு: ஓஷின் மிச்சப் பாகங்களையும் பாருங்கள் மாமா.

அங்கன்வாடிப் பிள்ளையிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

கருத்துகளைக் கீழே எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, பிழையில்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருப்பத்தூர்.